உறைபனிக்கு முன் பழுக்கும் தக்காளி

கேமரன் மலையில் நெகிழிக் கூரைகளின் கீழ் ஆண்டு முழுவதும் தக்காளி விளைகிறது. ஒரு செடி காய்த்து ஓய்ந்ததும் அடுத்த நாற்றை நட்டுவிடலாம். ஆனால், உலகின் எல்லா இடங்களிலும் தக்காளிக்கு இத்தகைய வசதி இல்லை.

கனடாவின் மேற்குச் சமவெளியில், சஸ்காச்சுவான் மாநிலத்தில் சஸ்கட்டூன் என்னும் நகரம் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கு வெப்பநிலை சில நாள்களில் உறைநிலைக்குக் கீழே முப்பது பாகை செல்சியஸ்வரை இறங்கும். நிலம் கல்லாக இறுகிவிடும். வசந்தம் வந்த பிறகும் இரவுகளில் உறைபனி விழும். பொதுவாக மே மாதத்தின் மூன்றாம் வாரத்தில்தான் கடைசி உறைபனி நீங்குகிறது. செப்டம்பர் நடுவில் அடுத்த உறைபனி வந்துவிடுகிறது. இடையில் கிடைப்பவை ஏறத்தாழ 115 நாள்கள் மட்டுமே. அந்த நகரத்தில் வீட்டுத் தோட்டம் போடுபவர்கள் இந்தச் சில மாதங்களுக்குள் பூவையும் காயையும் பழத்தையும் பார்த்துவிட வேண்டும்.

குளிரைத் தாங்காத செடி

தக்காளியின் பூர்வீகம் தென்னமெரிக்காவின் மேற்குப் பகுதி. அது வெப்பத்தை விரும்பும் செடி. உறைபனி பட்டால் அதன் இலைகளில் உள்ள நீர் உறைந்து உயிரணுக்கள் சிதைகின்றன. காலையில் பார்த்தால் செடி வெந்நீர் ஊற்றியது போல் கருகித் தொங்கும். உறைபனி இல்லாவிட்டாலும், பத்து பாகைக்குக் கீழான குளிர் அதன் வளர்ச்சியைத் தடுத்துவிடும். இரவு வெப்பநிலை சுமார் பதின்மூன்று பாகைக்குக் கீழே இறங்கினால், பூவில் மகரந்தம் சரியாக உருவாவதில்லை. அத்தகைய பூக்கள் காய்பிடிக்காமல் உதிர்ந்துவிடும்.

அச்சமவெளிக்கு இயற்கை ஓர் ஈடும் அளித்திருக்கிறது. ஜூன் மாதத்தில் அங்குப் பகற்பொழுது பதினாறு மணி நேரத்துக்கும் மேலாக நீள்கிறது. ஒளிக்குப் பஞ்சமில்லை, நாள்களுக்குத்தான் பஞ்சம். ஆகவே, அங்குத் தக்காளி வளர்ப்பது நாள்காட்டியில் தொடங்குகிறது.

நாள்கணக்கு

விதைப்பொட்டலத்தில் ‘55 நாள்’ அல்லது ‘85 நாள்’ என்று அச்சிடப்பட்டிருக்கும். புதிதாகத் தோட்டம் போடுபவர்கள் பலர், விதை ஊன்றிய நாளிலிருந்து இதைக் கணக்கிட்டு ஏமாந்து போவார்கள். தக்காளியைப் பொறுத்தவரை, இது நாற்றைத் தோட்டத்தில் நட்ட நாளிலிருந்து முதல் பழம் பழுக்கும்வரை ஆகும் காலம். விதை முளைத்து, நடும் அளவுக்கு நாற்று வளர மேலும் ஆறு முதல் எட்டு வாரங்கள் தேவை.

சஸ்கட்டூனில் ஒருவர் ஜூன் முதல் நாள் நாற்று நடுவதாகக் கொள்வோம். செப்டம்பர் 15-ஆம் நாள் உறைபனி வருமென்றால், இடையில் 106 நாள்கள் இருக்கின்றன. அவர் 85 நாள் ரகத்தைத் தேர்ந்தெடுத்தால், முதல் பழம் ஆகஸ்டு 25-இல் பழுக்கும். அதற்குப் பிறகு அறுவடைக்கு எஞ்சுபவை 21 நாள்கள். 55 நாள் ரகத்தைத் தேர்ந்தெடுத்தால், ஜூலை 26-இல் முதல் பழம் கிடைக்கும். அறுவடைக்கு 51 நாள்கள் இருக்கும்.

இந்தக் கணக்கில் இன்னொரு நுட்பமும் உண்டு. பொட்டலத்தில் உள்ள எண் ஏற்ற வெப்பநிலைக்கு உரியது. கோடை குளிர்ச்சியாக இருந்தால் அது நீண்டுவிடும். மேலும், ஆகஸ்டு இறுதியில் இரவுகள் குளிரத் தொடங்குவதால் காய்கள் பழுப்பதும் தாமதப்படும். எனவே, நீண்டகால ரகத்துக்குக் கணக்கில் வரும் 21 நாள்கள் உண்மையில் இன்னும் சுருங்கிவிடக்கூடும். இதனால்தான் அங்குள்ள வீட்டுத் தோட்டக்காரர்கள் முந்திப் பழுக்கும் ரகங்களைத் தேடுகிறார்கள்.

முந்திப் பழுக்கும் ரகங்கள்

ஒரு ரகம் மற்றொன்றைவிட முந்திப் பழுப்பதற்குச் சில காரணங்கள் உள்ளன. முந்திப் பழுக்கும் செடி குறைந்த எண்ணிக்கையில் இலைகளை விட்டதுமே முதல் பூங்கொத்தை உருவாக்குகிறது. அதன் பழங்கள் பெரும்பாலும் சிறியவை. சிறிய பழம் விரைவில் முற்றிப் பழுக்கும். இத்தகைய ரகங்கள் பலவும் புதர்வகையைச் சேர்ந்தவை. அவை ஓரளவு உயரம் வளர்ந்ததும் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, குறுகிய காலத்துக்குள் மொத்தமாகக் காய்க்கும். கொடிவகைத் தக்காளியோ உறைபனி வரும்வரை வளர்ந்துகொண்டும் பூத்துக்கொண்டும் இருக்கும்.

குளிர்நாடுகளின் ஆய்வாளர்கள் இந்த இயல்புகளை ஒன்றுசேர்க்கப் பல்லாண்டுகள் உழைத்திருக்கிறார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில், பீவர்லாட்ஜ் என்னும் ஊரிலுள்ள வேளாண் ஆய்வு நிலையத்தில் ‘சப்-ஆர்க்டிக்’ எனப்படும் ரகங்கள் உருவாக்கப்பட்டன. அவை குளிர்ந்த காலநிலையிலும் காய்பிடிக்கும் குட்டையான செடிகள். மானிட்டோபா மாநிலத்தின் மோர்டன் ஆய்வுப் பண்ணை, அம்மாநிலத்தின் பெயரையே தாங்கிய ஒரு தக்காளியை வழங்கியது. அமெரிக்காவில் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பேகெட் வேறொரு வழியைக் கையாண்டார். மகரந்தச் சேர்க்கை நிகழாவிட்டாலும் விதையின்றிக் காய்பிடிக்கும் இயல்புடைய ‘ஒரிகன் ஸ்பிரிங்’ முதலிய ரகங்களை அவர் உருவாக்கினார். குளிர் மகரந்தத்தைக் கெடுத்தாலும் இந்தச் செடிகளில் முதல் பூக்கள் வீணாவதில்லை.

பழைய செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து பரவிய ‘ஸ்டுபிட்சே’ என்னும் ரகமும் புகழ்பெற்றது. கொடிவகையாக இருந்தும் அது முந்திப் பழுக்கிறது. அதன் விதையைச் சேமித்து மறு ஆண்டும் விதைக்கலாம். ‘எர்லி கேர்ள்’ போன்ற கலப்பின ரகங்களின் விதையை அவ்வாறு சேமித்து ஊன்றினால், தாய்ச்செடியின் குணங்கள் அப்படியே வருவதில்லை.

இவ்வளவு நன்மைகள் இருந்தாலும் முந்திப் பழுக்கும் ரகங்களில் ஓர் இழப்பும் உண்டு. இலைகள் குறைவாக இருப்பதால் அவை உருவாக்கும் சர்க்கரையும் குறைவு. பல நாள்கள் வெயிலில் நின்று பழுக்கும் பெரிய தக்காளியின் சுவை அவற்றில் பெரும்பாலும் இருப்பதில்லை. இதனை அறிந்த தோட்டக்காரர்கள் பாத்தியின் பெரும்பகுதியில் முந்திப் பழுக்கும் ரகத்தை நடுவார்கள். வெயில் அதிகம் விழும் மூலையில் மட்டும் ஒன்றிரண்டு பெரிய ரகச் செடிகளை வைப்பார்கள். முன்னது உறுதியான விளைச்சலுக்கு. பின்னது கோடை நீண்டால் கிடைக்கும் சுவைக்கு.

சன்னலோரத்தில் தொடங்கும் பயிர்

ஜூன் முதல் நாள் நட வேண்டிய நாற்றுக்கு ஏப்ரல் நடுவிலேயே விதை ஊன்ற வேண்டும். அப்போது வெளியே பனி முழுவதும் உருகியிருக்காது. ஆகவே, விதைகள் வீட்டுக்குள் சிறு தொட்டிகளில் ஊன்றப்படுகின்றன. இருபத்தைந்து பாகையளவு வெதுவெதுப்பு இருந்தால் அவை ஏறத்தாழ ஒரு வாரத்தில் முளைக்கும். சன்னல் ஒளி மட்டும் போதாதபோது நாற்று மெலிந்து ஒரு பக்கமாகச் சாயும். அதனால் பலர் நாற்றுக்குச் சற்று மேலே விளக்கைத் தொங்கவிட்டு, நாளுக்குப் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் எரியவிடுகிறார்கள்.

அவசரப்பட்டு மிகவும் முன்னதாக விதைப்பதும் தவறே. சிறு தொட்டியில் நெடுநாள் அடைபட்ட செடியின் வேர்கள் சுருண்டுகொள்ளும். அத்தகைய செடியை நட்டால் அது தேறுவதற்கே பல நாள்கள் ஆகும். அளவாக வளர்ந்த இளநாற்று அதனை முந்திவிடும்.

வீட்டுக்குள் வளர்ந்த நாற்றுக்குக் காற்றும் கடும் வெயிலும் புதியவை. எனவே, நடுவதற்கு முன் ஏழு முதல் பத்து நாள்களுக்கு அதனை வெளிச்சூழலுக்குப் பழக்க வேண்டும். முதல் நாள் ஓரிரு மணி நேரம் நிழலில் வைத்து, பின்னர் நேரத்தையும் வெயிலையும் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். இந்தப் படியைத் தவிர்த்தால் இலைகள் வெயிலில் வெளுத்துக் கருகும்.

வெப்பத்தைச் சேமித்தல்

நாற்று நடும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் அறிவியல் இருக்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து வெகு தொலைவில் வடக்கே உள்ள நாடுகளில், கதிரவன் வானின் தென்பகுதியில்தான் செல்லும். ஆகவே, வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டிய இடமே மிகவும் வெதுவெதுப்பானது. பகலில் அச்சுவர் உறிஞ்சிய வெப்பம் இரவில் செடிக்குக் கிடைக்கும். மண்ணின்மீது கறுப்பு நெகிழித் தாளை விரித்தும் மண்ணைச் சூடாக்குவார்கள். சிலர் நடப்பட்ட நாற்றைச் சுற்றி நீர் நிரப்பிய நெகிழிக் குழாய்களை வேலிபோல் நிறுத்துவார்கள். பகலில் சூடாகும் அந்த நீர், இரவில் மெல்ல வெப்பத்தை வெளிவிட்டு நாற்றைக் காக்கிறது.

உரமிடுவதிலும் அளவு தேவை. தழைச்சத்து மிகுந்தால் செடி செழிப்பாகக் காட்சியளிக்கும். ஆனால் இலைகளே பெருகிக் காய்ப்பது தள்ளிப்போகும். நாள்கள் எண்ணப்படும் நிலத்தில் அந்தச் செழிப்பால் பயனில்லை.

கடைசி இரவு

ஆகஸ்டு நடுவுக்குப் பிறகு பூக்கும் பூக்கள் பழமாக நேரம் இல்லை. அப்போது கொடிவகைச் செடியின் நுனியைக் கிள்ளி, புதிய பூக்களையும் அகற்றிவிடுவார்கள். செடியின் சத்து முழுவதும் ஏற்கெனவே உள்ள காய்களுக்குச் செல்லும். வளர்த்த செடியில் பூவைக் கிள்ள மனம் வராது. ஆயினும், எல்லாவற்றையும் காப்பாற்ற நினைத்தால் எதுவுமே பழுக்காமல் போகலாம்.

செப்டம்பரில் ஒருநாள் மாலை வானம் மேகமின்றித் தெளிந்திருக்கும், காற்று அசையாது. அது உறைபனி விழுவதற்கான அறிகுறி. மேகப் போர்வை இல்லாததால் நிலத்தின் வெப்பம் விரைவாக வெளியேறிவிடும். அன்று பலர் பழைய படுக்கை விரிப்புகளால் செடிகளை மூடுவார்கள். தரையிலிருந்து எழும் வெப்பத்தை அவை ஓரளவு தடுத்து வைக்கும். கடுங்குளிர் வருமென்றால் மூடியும் பயனில்லை. வீட்டிலுள்ளவர்கள் கைவிளக்குகளுடன் இறங்கி, இருட்டில் கூடை கூடையாகக் காய்களைப் பறிப்பார்கள்.

பறித்த பச்சைக் காய்கள் எல்லாம் வீணாவதில்லை. முழு அளவு வளர்ந்து, நிறம் சற்று வெளிறிய காய்கள் வீட்டுக்குள்ளேயே பழுத்துவிடும். பழுப்பதற்குச் சூரிய ஒளி தேவையில்லை. இருபது பாகையளவு வெப்பம் போதும். தக்காளியே வெளியிடும் எத்திலீன் வாயுதான் அதனைப் பழுக்க வைக்கிறது. காய்களைக் காகிதப் பையில் இட்டு, அதனுள் ஒரு வாழைப்பழத்தையும் வைத்தால் வாயு மிகுந்து இன்னும் விரைவில் பழுக்கும். முற்றாத பிஞ்சுகள் ஊறுகாயாகும். உறைபனி பட்ட காய்கள் மட்டும் அழுகிவிடும்.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது தமிழ் உழவரின் பழமொழி. பட்டம் ஊருக்கு ஊர் வேறுபடும். பட்டத்தை அறிந்து விதைக்கும் அறிவு எல்லா ஊருக்கும் பொதுவானது. சஸ்கட்டூன் தோட்டக்காரரால் கோடையை நீட்ட முடியாது. அந்தக் கோடைக்குள் அடங்கும் விதையைத் தேர்ந்தெடுக்க முடியும். ஜூலை இறுதியில் அவர் பறிக்கும் முதல் பழம் அளவில் சிறியதாக இருக்கலாம். அந்த வீட்டில் அன்று அதனைத் துண்டுகளாக நறுக்கி எல்லாரும் பகிர்ந்து உண்பார்கள்.

சிந்தனைக்கு

1. ஓர் ஊரில் ஜூன் 10-ஆம் நாள் நாற்று நடப்படுகிறது. செப்டம்பர் 5-ஆம் நாள் உறைபனி வருகிறது. அங்கு 60 நாள் ரகம், 85 நாள் ரகம் ஆகியவற்றுள் எதனை நடலாம்? கணக்கிட்டுக் காரணம் கூறுக.

2. ‘எல்லாவற்றையும் காப்பாற்ற நினைத்தால் எதுவுமே பழுக்காமல் போகலாம்.’ இக்கருத்து மாணவர் வாழ்வுக்கு எவ்வாறு பொருந்தும் என்பதை விளக்குக.