ஒரே பாறையில் இரு சிப்பிகள்

ஜொகூர் நீரிணையில் கயிறுகளில் தொங்கவிட்டு வளர்க்கப்படும் பச்சைச் சிப்பியைப் பலர் சுவைத்திருப்பர். அதன் நெருங்கிய உறவினமான பழுப்புச் சிப்பி, தென்னாப்பிரிக்காவின் தென்கரைப் பாறைகளில் நெடுங்காலமாக வாழ்ந்து வருகிறது. 1970களின் பிற்பகுதியில் அந்நாட்டுக் கரையில் புதியதோர் இனம் தென்பட்டது. அது மத்தியதரைச் சிப்பி. ஐரோப்பாவைச் சேர்ந்த அவ்வினம் கப்பல்கள் வழியாக வந்ததாகக் கருதப்படுகிறது. காலப்போக்கில் அது தென்கரைக்கும் பரவியது.

இரண்டும் கடல்நீரை உறிஞ்சி, அதில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டி உண்பவை. உணவு ஒவ்வோர் அலையோடும் வந்து சேரும். இடம் அப்படி வராது. எனவே, போட்டி பெரும்பாலும் பாறைக்காகவே.

பாறையின் மேற்பகுதி நெடுநேரம் நீரின்றிக் காயும். ஓட்டை இறுக மூடி ஈரத்தைக் காக்கும் மத்தியதரைச் சிப்பியே அங்கு மிகுதி. அலைகள் ஓயாமல் மோதும் கீழ்ப்பகுதியில், வலுவான நூலிழைகளால் பாறையைப் பற்றும் பழுப்புச் சிப்பி நிலைத்திருக்கிறது. புதிய சிப்பி அங்கும் இடம் பிடிக்க முயல்வதுண்டு. பழுப்புச் சிப்பிகளுக்கிடையே ஒண்டினால் அலையிலிருந்து காப்புக் கிடைக்கும். ஆனால், முதலில் புகலிடம் தந்த பழுப்புச் சிப்பிகளே நாளடைவில் அதனை நெருக்கி வெளியேற்றிவிடுகின்றன.

நடுப்பகுதியில் இரண்டும் கலந்து வாழ்கின்றன. கடல்நீர் வடிந்து வெயில் ஏறும்போது, பழுப்புச் சிப்பி ஓட்டை அவ்வப்போது திறந்து மூடும். உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிச் சூடு தணியும்; மண்பானை நீர் குளிர்வதும் இவ்வாறே. மத்தியதரைச் சிப்பியோ ஓட்டைத் திறப்பதில்லை. ஆயினும், பழுப்புச் சிப்பிகள் சூழ இருக்கும்போது அதன் உடல் வெப்பமும் குறைவதை ஆய்வாளர்கள் அளந்து கண்டனர். நீரை இழப்பது ஒன்று. குளிர்ச்சி பெறுவது இரண்டும். இதனைப் பகிர்வு என்பது சற்றுத் தாராளமான சொல்தான்.

சிப்பிகள் அடர்ந்த இடுக்குகளில் நிழலும் ஈரமும் தங்குவதால் புழுக்கள், நத்தைகள், சிறு நண்டுகள் அங்கே குடியேறுகின்றன. புதிய சிப்பி பெருகியதால், சிப்பிகளை உண்ணும் சிவந்த அலகுடைய கருநிறக் கரைப்பறவைக்கு இரை கூடியது. அப்பறவையின் எண்ணிக்கையும் உயர்ந்தது. குளிர்ந்த மேற்குக் கரையிலோ, அதே மத்தியதரைச் சிப்பி மற்றோர் உள்ளூர்ச் சிப்பி இனத்தைப் பல பாறைகளிலிருந்து ஒதுக்கிவிட்டது.