வெந்நீர் அடுப்பில் விறகு மிச்சம்

மார்கழி, தை மாதங்களில் கிராமத்து வீடுகளில் சமையலுக்கு இணையாகக் குளிக்கும் வெந்நீருக்கும் விறகு செலவாகிறது. கேஸ் அடுப்பு வந்துவிட்ட வீடுகளிலும் புறக்கடையில் மூன்று கல் கூட்டி அண்டாவை ஏற்றும் பழக்கம் உள்ளது. இத்தகைய திறந்த அடுப்பில் விறகின் வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் நீரைச் சேருகிறது.

20 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரி சென்டிகிரேடுக்குச் சூடாக்க 400 கிலோ கலோரி போதும். காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 3,500 கிலோ கலோரிக்குக் குறையாமல் உள்ளது. ஆகவே 115 கிராம் விறகு செய்யக்கூடிய வேலைக்கு ஒரு கிலோவுக்கு மேல் எரிக்கிறோம். நால்வர் குளிக்கும் வீட்டில் இது நாளொன்றுக்கு 4 கிலோவைத் தாண்டும். அதைத் தலைச்சுமையாகக் கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் பெண்களே.

நம் முன்னோர் அமைத்த கொடியடுப்பு இதற்கு நல்ல வழி. பெரிய அடுப்பில் சோறு வேகும்போதே, பக்கத்துக் கண்ணுக்குச் செல்லும் தழல் தவலை நீரைக் காய்ச்சிவிடும். இரு கண்களையும் இணைக்கும் வழி மேல்நோக்கிச் சற்றுச் சரிவாக இருத்தல் வேண்டும். தவலை கண்ணில் பொருந்தி உட்கார வேண்டும். மத்திய அரசு 1983 இல் தொடங்கிய புகையில்லா அடுப்புத் திட்டத்திலும் இரண்டு கண், புகைபோக்கி என்ற அமைப்பே பரவலாகப் பின்பற்றப்பட்டது. கூரை வேய்ந்த வீடாயின் புகைபோக்கி கூரையைத் தொடாதபடி அமைப்பது அவசியம்.

அண்டாவை மூடி வையுங்கள். ஒரு லிட்டர் நீர் ஆவியாகப் போனால் 540 கிலோ கலோரி வீண். மேலே சொன்ன ஒருவர் குளியலுக்கு ஆகும் வெப்பத்தைவிட இது அதிகம்!

பச்சை விறகின் எடையில் பாதியளவு கூட நீர் இருக்கலாம். பிளந்து, உலர்த்தி எரிப்பது நலம். பருத்தி மாரை வயலோரம் மாதக்கணக்கில் அடுக்கி வைத்தால் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதில் தங்கி அடுத்த பயிருக்கு வரும். அதை முதலில் எரித்துத் தீர்க்கலாம். தென்னை மட்டை, பாளை ஆகியவையும் ஏற்றவை. வரட்டியை மட்டும் தவிர்க்கலாம். சாணத்தின் தழைச்சத்து புகையோடு போய்விடும். அது குப்பைக் குழிக்குச் சேர வேண்டியது.

பூச்சிமருந்து வந்த டின்னை எத்தனை முறை கழுவினாலும் வெந்நீர் காய்ச்சப் பயன்படுத்தவே கூடாது. குளியலறைக்குள் கரி நெருப்பை வைத்துக் கதவைச் சாத்துவதும் உயிருக்கு ஆபத்து; கரியிலிருந்து வரும் நச்சுவாயுவுக்கு மணமில்லை.

அடுப்புச் சாம்பலைத் தென்னைக்கும் வாழைக்கும் இடலாம். ஆனால் யூரியா, அம்மோனியம் சல்பேட் உரங்களுடன் கலந்து இட வேண்டாம். தழைச்சத்து அம்மோனியாவாக வெளியேறிவிடும்.