மறைத்து வைப்பதும் பொய்தான்

 

பொய் என்றால் வாயால் சொல்வது மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். "அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை" என்று மனதைச் சமாதானப்படுத்திக் கொள்கிறோம். மார்க்கம் இதை ஏற்குமா?

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்னவென்று கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

கவனியுங்கள்! மழை பெய்தது அவர் குற்றமல்ல. கேட்டபோது உண்மையைத்தான் சொன்னார். ஆனால் நனைந்ததை அடியில் வைத்து, காய்ந்ததை மேலே காட்டினார். அதுவே மோசடி.

மதுரை மாவட்டத்து மக்களுக்கு இது நன்றாகப் புரியும். மேலூரிலும் சோழவந்தானிலும் அறுவடையான நெல், நேரடிக் கொள்முதல் நிலையத்துக்கு வருகிறது. அங்கே கருவி வைத்து ஈரப்பதம் பார்க்கிறார்கள். வழக்கமான வரம்பு 17 சதவீதம். ஈர நெல் மூட்டைக்குள்ளேயே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். அந்த அரிசி கடைசியில் ரேஷன் வரிசையில் நிற்கும் ஏழையின் உலைக்குத்தான் வரும்.

அறுவடை நேரத்து மழை விவசாயிக்குப் பெரிய சோதனை. வரம்பைத் தளர்த்தக் கேட்பது அவரது உரிமை. நனைந்த நெல்லை நடுவில் மறைப்பது உரிமையல்ல. எடை போடுபவருக்கும் இதே சட்டம்தான். 40 கிலோ மூட்டைக்கு ஒரு கிலோ கூடுதலாக இழுத்தால், அல்முதஃப்பிஃபீன் என்ற 83ஆவது அத்தியாயம் அவரையும் பார்த்துத்தான் பேசுகிறது.

சகோதரர்களே! நமக்கும் குவியல்கள் உண்டு. விபத்தில் அடிபட்ட வண்டியைச் சாயம் பூசி விற்கிறோம். வீட்டை வாடகைக்கு விடும்போது மழையில் ஒழுகும் கூரையைச் சொல்வதில்லை. நிக்காஹ் பேசும்போது கடனையும் நோயையும் மறைக்கிறோம். பின்னால் கண்ணீர் விடுவது யாரோ ஒருவரின் மகள்.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையை வெளிப்படுத்தினால் வியாபாரத்தில் பரக்கத் உண்டு. மறைத்தால் அது அழிக்கப்படும் என்பது புகாரியில் வரும் நபிமொழியின் கருத்து. குறையைச் சொன்னால் விலை குறையலாம், பரக்கத் குறையாது.

இன்று ஜும்ஆ முடிந்து கடைக்குத் திரும்பியதும் உங்கள் குவியலுக்குள் நீங்களே கையை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் மேலே எடுத்து வையுங்கள்.

உண்மையாளர்களாக வாழ்ந்து மரணிக்கும் பாக்கியத்தை அல்லாஹ் நமக்குத் தருவானாக! ஆமீன்.