தாழைக்கோழியும் தூயமல்லியும்: ஐப்பசி சொல்லித் தந்த பாடம்



முப்பத்து நாலு வருஷம் வங்கியில் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு அப்பாவின் இரண்டே கால் ஏக்கர் கழனிக்குத் திரும்பி வந்தவன் நான். ஊர் மதுராந்தகம் பக்கம். கழனி ஏரிக்குக் கீழே, முதல் மடையிலேயே இருக்கிறது. முதல் மடைக்காரனுக்குத் தண்ணீர்க் கவலை இல்லை என்று மற்றவர்கள் பொறாமைப்படுவார்கள். அவனுக்கு இருக்கும் வேறு ஒரு கவலை ஐப்பசி பிறந்தால்தான் தெரியும். ஏரி நிரம்பத் தொடங்கியதும் நீர்ப்பறவைகள் வரும். ஏரிக்கும் நம் நடவுக்கும் நடுவில் ஒரு கரைதான்.

ஏரிப் பாசனத்தில் புதிதாக இயற்கை விவசாயம் தொடங்குகிறவர்களுக்கு, இந்த விஷயத்தில் நானும் எங்கள் ஊரும் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

அந்த ஒரு காலை

ஊருக்கு வந்த இரண்டாம் வருஷம் அது. புரட்டாசியில் தூயமல்லி நாற்று விட்டு, ஏரியை ஒட்டிய 60 சென்டில் ஒற்றை நாற்று நடவு செய்தேன். நாற்றுக்கு வயது பதினெட்டு நாள். நட்ட மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், பாதிக் கழனியில் நாற்று மிதக்கிறது. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வேர் இருக்கிறது, நுனி இருக்கிறது, அடித்தண்டின் வெள்ளைப் பகுதி மட்டும் இல்லை.

பக்கத்துக் கழனிக்காரர் வந்து பார்த்தார். அவருக்கும் அதே கதிதான். "இது நீலக்கோழி வேலைண்ணா. குருணை மருந்தை ஒரு படி நெல்லுல கலந்து வரப்புல தூவிடுங்க. ரெண்டே நாள்ல ஒண்ணும் கிட்ட வராது" என்றார்.

"என் கழனியில வேணாம்பா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். உன் கழனியிலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் நகைக்கடன் வாங்கி நட்டவர். அந்தக் கடனுக்கு வட்டி எப்படி ஏறும் என்பது அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலையில் எங்கள் இருவருக்கும் பொதுவான வரப்பில் 23 பறவைகள் செத்துக் கிடந்தன. தாழைக்கோழி நாலுதான். மற்றதெல்லாம் சீழ்க்கைச் சிறகியும், பூச்சி பிடிக்க வந்த இரண்டு மடையானும். எங்களுக்கு முன்னாலேயே தெருப் பிள்ளைகள் வந்து, கொழுத்த சிறகியாக இரண்டைக் குழம்புக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். ஏரித் தண்ணீர் பாய்ச்சும் பெரியவருக்குத் தகவல் தெரிந்து, அவர் ஓடிப்போய் அந்த வீட்டு அடுப்பிலிருந்து சட்டியை இறக்கிக் குழி தோண்டிக் கொட்டினார். குருணை நஞ்சு கறியோடு சேர்ந்து மனிதன் வயிற்றுக்கும் போகும். தட்டோடு காத்திருந்த பிள்ளைகளில் சின்னதுக்கு ஏழு வயது.

என் கழனியில் நான் மருந்து போடவில்லை, உண்மைதான். ஆனால் அன்றைக்கு என்னை இயற்கை விவசாயி என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. காட்டுப் பறவைக்கு விஷம் வைப்பது 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் நான் படித்தவன்தான்.

முதலில் கவனிக்க வேண்டும்

பெரியவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, நோட்டும் பேனாவும் உங்ககிட்ட இருக்கு. எது எப்ப வருது, எப்ப போவுதுன்னு பத்து நாள் கரைமேல நின்னு எழுதுங்க. அப்புறம் பேசலாம்." எழுதினேன். தெரிந்தது இதுதான்.

நீலத் தாழைக்கோழி வெளிநாட்டிலிருந்து வருவதல்ல. வருஷம் முழுக்க ஏரியின் சம்பிலும் கோரையிலும் இருப்பது. விடியற்காலையிலும் மாலையிலும் வெளியே வரும். நாற்றைப் பிடுங்கி, கிளி மாதிரி ஒரு காலில் பிடித்துக்கொண்டு, வெள்ளைக் குருத்தை மட்டும் தின்றுவிட்டு மிச்சத்தைப் போட்டுவிடும். ஆனால் மறைவிடத்தை விட்டு அதிக தூரம் போகப் பயப்படும். சேதம் கரையை ஒட்டியே இருப்பதற்குக் காரணம் அதுதான்.

சீழ்க்கைச் சிறகியும் நம் ஊர்ப் பறவைதான். பகலில் ஏரியில் கூட்டமாக ஓய்வெடுக்கும். இருட்டியதும் சீழ்க்கை அடித்துக்கொண்டே கழனிக்கு வரும். தண்ணீர் தேங்கிய நாற்றங்காலும் சேற்று விதைப்பும் கண்ணில் பட்டால் இறங்கிவிடும். விதையைத் தின்பதோடு மிதித்தும் கெடுக்கும்.

நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவைதான் வடக்கே வெகுதூரத்திலிருந்து ஐப்பசி, கார்த்திகையில் வலசை வந்து, கோடை தொடங்கும்போது திரும்பிப் போகிறவை. கொக்கு, மடையான், நத்தைக்குத்தி நாரை, அரிவாள் மூக்கன் இவற்றுக்கும் நாற்றுக்கும் சண்டையே இல்லை. அவை தேடுவது பூச்சி, நத்தை, நண்டு, தவளை.

நட்ட பயிர் பச்சை பிடித்து வேர் ஊன்றப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. என் நோட்டில் உள்ள நடவுச் சேதம் முழுக்க அந்த நாட்களுக்குள்தான் இருக்கிறது. வேர் ஊன்றிய தூரைத் தாழைக்கோழியால் லேசில் பிடுங்க முடிவதில்லை.

வரவும் செலவும்

பழைய பழக்கம் விடாது. பறவைக் கணக்கை இரண்டு பத்தியாகப் போட்டுப் பார்த்தேன்.

செலவுப் பத்தியில், மறுநடவுக்கு நாற்றும் கூலியும் சேர்த்து 3,400 ரூபாய்.

வரவுப் பத்தியில், நத்தைக்குத்தி நாரைகள் இறங்கிய கழனியில் வரப்பு நண்டு குறைந்தது. நண்டு வளை அடைக்க வாரம் ஓர் ஆள் விடுவேன், அது நின்றது. கொக்குகள் பயிருக்குள் நடந்து வெட்டுக்கிளியைப் பொறுக்கின. எல்லாவற்றையும்விடப் பெரிய வரவு எச்சம். ஏரிக்குள் இருக்கும் கருவேல மரங்களில் நூற்றுக்கணக்கான கொக்கும் நீர்க்காகமும் அடைகின்றன. அந்த எச்சம் கரைந்த தண்ணீர் முதல் மடைக்குத்தான் முதலில் வருகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் அதில் உண்டு. பயிர் கருகருவென்று நிற்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. தூயமல்லி, மாப்பிள்ளைச் சம்பா மாதிரி உயரமான ரகங்களுக்குத் தழைச்சத்து கூடினால் கதிர் பிடிக்கும் நேரத்தில் சாய்ந்துவிடும். பறவை அடையும் ஏரியின் தண்ணீர் பாய்கிறவர்கள் தொழுவுரத்தையும் அமுதக்கரைசலையும் வழக்கம்போலப் போடாமல், பயிரின் நிறத்தைப் பார்த்துக் குறைத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டாம் முறை அமுதக்கரைசல் விடுவதையே நிறுத்திவிட்டேன்.

ஆக, பறவையால் நமக்கு நட்டம் பன்னிரண்டு நாள். நன்மை அதற்குப் பின் நூறு நாள். அந்தப் பன்னிரண்டு நாளைக் காத்துவிட்டால் விஷத்துக்கு வேலையே இல்லை. ஆனால் தனி ஆளால் காக்க முடியாது.

ஊர் கூடிப் பேசியது

அடுத்த ஆடியில், முதல் இரண்டு மடையில் பயிர் வைக்கும் பன்னிரண்டு குடும்பமும் ஏரிக்கரை ஆலமரத்தடியில் உட்கார்ந்தோம். நான் நோட்டை வாசித்தேன். பக்கத்துக் கழனிக்காரர் எழுந்து, "எல்லாரும் பறவைக்குப் பரிஞ்சு பேசறீங்க. என் பொண்டாட்டி நகைக்கு யார் பரிஞ்சு பேசறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாத எந்த யோசனையும் நிற்காது. பேசிப் பேசி, கடைசியில் கீழே உள்ளபடி முடிவானது.

1. கூட்டு நாற்றங்கால். 18 ஏக்கருக்கும் சேர்த்து 90 சென்ட். ஏரியை விட்டுத் தள்ளி, களத்துமேட்டை ஒட்டிய இடம். பதினெட்டு ஏக்கரைக் காப்பதைவிட 90 சென்டைக் காப்பது சுலபம். விதைத்த முதல் வாரம் பொழுது சாயும் முன் தண்ணீரை வடித்துவிடுவோம். தண்ணீர் மினுமினுக்காத இடத்தில் சிறகி இறங்குவது குறைவு.

2. முற்றிய நாற்று. முதல் மடையில் 25 முதல் 28 நாள் நாற்று, குத்துக்கு இரண்டு மூன்று. ஒற்றை நாற்று நடவு செய்ய விரும்புகிறவர்கள் கரையை விட்டுத் தள்ளியுள்ள கழனியில் செய்யலாம்.

3. ஒரே வாரத்தில் நடவு. ஆளுக்கொரு நாள் நட்டால் பறவைக்கு இரண்டு மாதம் இளநாற்று கிடைத்துக்கொண்டே இருக்கும். முதலில் நட்டவருக்கும் கடைசியில் நட்டவருக்கும்தான் அடி. ஒன்றாக நட்டால் சேதம் பரவலாகும், காவல் நாளும் குறையும்.

4. முறைக்காவல். நாளுக்கு இரண்டு குடும்பம், பன்னிரண்டு நாள். ஒரு குடும்பத்துக்கு இரண்டே முறை வரும். மாலை ஐந்தரை முதல் எட்டு, விடியற்காலை நாலரை முதல் ஏழு. கையில் தகரமும் டார்ச்சும் போதும்.

5. நாடா கட்டலாம், வலை கூடாது. பழைய கேசட் நாடாவைக் குச்சிகளுக்கு இடையே விறைப்பாகக் கட்டினால் காற்றில் ரீங்காரம் போடும். பறவை பழகிவிடாமல் மூன்று நாளுக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும். வேலை முடிந்ததும் அவிழ்த்துச் சுருட்டி வைக்க வேண்டும். மீன் வலை விரித்தால் பறவையும் சாகும், எலி பிடிக்கும் சாரையும் சிக்கிச் சாகும்.

6. சம்பை இடம் பார்த்து வெட்டுவது. கரையடியிலும் வாய்க்காலிலும் வளர்ந்ததை நடவுக்கு முன் வெட்டிவிடுவோம். ஏரிக்குள் இருப்பதைத் தொட மாட்டோம். கழனி ஓரத்தில் மறைவு இல்லையென்றால் தாழைக்கோழி துணிந்து வராது.

7. பறவைப் பங்கு. இது நான் சொன்ன யோசனை. அறுவடையில் ஏக்கருக்கு ஒரு மரக்கால் நெல் பொதுக் குதிரில் போட வேண்டும். யாருக்குச் சேதம் அதிகமோ அவருக்கு அதிலிருந்து ஈடு. நாற்றங்காலிலும் நாலு சென்ட் நாற்றைக் கூடுதலாக வைத்து, இடைவெளி விழுந்தவருக்கு முதலில் கொடுப்பது. நகைக் கேள்விக்கு எங்களால் முடிந்த பதில் இதுதான்.

8. தீபாவளிக்கு ஏரிக்கரைத் தெருவில் வெடி இல்லை. பிள்ளைகளுக்கு மத்தாப்பு மட்டும்.

நமக்கு முன்னோடிகள்

இதெல்லாம் புதிதல்ல. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் வேடந்தாங்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீரின் அருமை தெரிந்த அந்த ஊர் மக்கள், பறவைகளைச் சுட்டவர்கள்மீது செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டு, 1798-லேயே பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். 1858-ல் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். அரசு அதைச் சரணாலயமாக அங்கீகரித்தது 1936-ல்தான். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே காவல் காத்தவர்கள் உழவர்கள்.

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் வீட்டுக் கொல்லை மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டுகின்றன. யாரும் விரட்டுவதில்லை. எச்சம் படிந்த குளத்து வண்டல் அவர்கள் வயலுக்கு உரமாகிறது.

இப்போது

இந்த ஏற்பாட்டுக்கு நாலு ஐப்பசி முடிந்துவிட்டது. சேதம் அடியோடு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். போன வருஷம்கூடக் கரையோரம் ஏழெட்டு சென்டில் நாற்றை ஊன்ற வேண்டியிருந்தது. முதல் வருஷம் பறவைப் பங்கிலிருந்து இரண்டு குடும்பத்துக்கு நெல் அளந்தோம். அதில் ஒருவர் அந்தப் பக்கத்துக் கழனிக்காரர். பிறகு அவர் யாரும் கேட்காமலே காவல் முறைப் பட்டியலைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். யாராவது முறை தவறினால் வீட்டு வாசலில் போய் நின்று, "தகரம் எடுத்துக்கிட்டு வாங்க மாமா" என்று கூப்பிடுவது இப்போது அவர்தான். முதல் இரண்டு மடையில் குருணை மருந்து வாங்குவதும் நின்றுவிட்டது. மூன்றாம் மடைக்காரர்களை இன்னும் சேர்க்க முடியவில்லை. அந்த வேலை பாக்கி இருக்கிறது.

கார்த்திகை ஞாயிறுகளில் பள்ளிப் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப் போய்ப் பறவை எண்ணச் சொல்கிறோம். பொங்கல் சமயத்துப் பறவைக் கணக்கெடுப்புக்கும் எங்கள் ஏரியின் பட்டியல் போகிறது. அன்று குழம்புக்குச் சிறகி தூக்கிப் போன பிள்ளைகளில் ஒருவன்தான் இப்போது எங்களில் வேகமாக எண்ணுகிறவன். முக்குளிப்பான் முங்கினால் எங்கே எழும் என்று முன்கூட்டியே கைகாட்டுவான்.

நண்பர்களே, உங்கள் ஊரிலும் ஏரி இருக்கும், மடை இருக்கும். இந்த ஐப்பசியில் நடவுக்கு முன் இரண்டு மாலை கரைமேல் போய் நில்லுங்கள். எது எந்தப் பக்கத்திலிருந்து, எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று எழுதுங்கள். பிறகு பக்கத்துக் கழனிக்காரரைக் கூப்பிட்டு அதைக் காட்டுங்கள். அவர் கையில் குருணைப் பொட்டலம் இருந்தால், என்னைப் போலச் சும்மா இருந்துவிடாதீர்கள். "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, முதல் நாள் காவலுக்கு நீங்களே அவரோடு போங்கள்.