புது காருக்கு 'கோட்டிங்' தேவையா? கையெழுத்துப் போடும் முன் படியுங்க

புது கார் புக் பண்ணப் போறீங்களா? ஷோரூமில் கொட்டேஷன் தாள் கைக்கு வந்ததும் கீழே இருக்கும் மொத்தத் தொகையை மட்டும் பார்க்காதீங்க. ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். எக்ஸ்-ஷோரூம் விலை, சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ் ஆகியவற்றுக்குக் கீழே 'பெயின்ட் புரொடெக்ஷன்', 'டெஃப்லான்', 'செராமிக்', 'அண்டர்பாடி கோட்டிங்' என்று ஏதாவது இருக்கிறதா? அது காரின் விலையில் சேர்ந்தது அல்ல. நீங்கள் விரும்பினால் மட்டும் வாங்க வேண்டிய தனிச் சேவை.

நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு குடும்பம் கார் வாங்குகிறது என்றால், பெரும்பாலும் நெல் விற்ற காசும் வங்கிக் கடனும் சேர்ந்துதான் அந்த வண்டி வீட்டுக்கு வரும். கோட்டிங் தொகையும் அந்தக் கடனுக்குள் போய்விட்டால் அதற்கும் வட்டி ஓடும். உதாரணமாக, 30,000 ரூபாயை 9 சதவீத வட்டியில் 5 ஆண்டுக் கடனோடு சேர்த்தால், கட்டி முடிக்கும்போது அது சுமார் 37,400 ரூபாய் ஆகியிருக்கும்.

காரில் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

புது கார் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பாதுகாப்போடுதான் வருகிறது. இரும்புத் தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே 'கிளியர் கோட்' எனும் நிறமற்ற அடுக்கு. பளபளப்பைத் தருவதும், வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் இந்தக் கிளியர் கோட்தான். ஆனால் இது தலைமுடியின் தடிமனைவிடக் குறைவான மெல்லிய அடுக்கு. கீறல் விழுவது இங்கேதான்.

எந்த கோட்டிங் என்ன செய்யும்?

மெழுகு (வாக்ஸ்): பளபளப்பு தரும், தண்ணீர் ஒட்டாது. சில வாரங்களில் போய்விடும். வீட்டிலேயே நீங்களே பூசிக்கொள்ளலாம்.

டெஃப்லான்: நம் வீட்டு நான்-ஸ்டிக் தவாவில் இருக்கும் அதே பொருளின் பெயர். தவாவில் அது உறுதியாகப் பிடிப்பதற்குக் காரணம், தொழிற்சாலையில் 300 டிகிரிக்கும் மேல் சூடாக்கிப் பதிய வைப்பதுதான். காரின் மேல் அந்தச் சூட்டைக் காட்ட முடியாது. அதனால் கார் மேல் பூசுவதைத் தரமான பாலிஷாக எண்ணிக்கொள்ளுங்கள், தவாவின் உறுதியை எதிர்பார்க்காதீங்க.

செராமிக்: சிலிக்கா அடிப்படையிலான திரவம். காய்ந்து கெட்டியான மெல்லிய அடுக்காக மாறும். முறையாகப் போட்டால் மெழுகைவிடப் பல மடங்கு காலம் நிற்கும். தண்ணீர் உருண்டு ஓடும், அழுக்கு சீக்கிரம் போகும். ஆனால் இதுவும் மிக மெல்லியது. கல் தெறித்தாலோ, ரயில்வே கேட் திறந்ததும் ஏற்படும் நெரிசலில் பைக் ஹேண்டில் உரசினாலோ இது காப்பாற்றாது.

பிபிஎஃப்: கண்ணுக்குத் தெரியாத தடித்த பிளாஸ்டிக் படலம். கல் தெறிப்பு, லேசான கீறல் இரண்டையும் ஓரளவு உண்மையாகவே தாங்குவது இது மட்டும்தான். விலையும் இதற்குத்தான் அதிகம். முழு காருக்கும் ஒட்டாமல் முன் பம்பர், பானெட் ஆகியவற்றுக்கு மட்டும் ஒட்டுபவர்களும் உண்டு.

அண்டர்பாடி கோட்டிங்: நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற உப்புக் காற்று வீசும் கடலோரத்தில் தினமும் ஓடும் வண்டி என்றால் யோசிக்கலாம். அதற்கு முன், கார் நிறுவனமே துருவுக்கு எத்தனை ஆண்டு வாரண்டி தருகிறது என்று கையேட்டில் பாருங்கள். அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் துளைகளை அடைத்துவிடாமல் பூசுவார்களா என்றும் கேளுங்கள்.

நம்ம ஊரில் பெயின்டைக் கெடுப்பது எது?

அறுவடைக் காலத்தில் டெல்டா சாலைகளில் நெல் காய்வதும், கொள்முதல் நிலையங்களுக்கு லாரிகள் போய் வருவதும் வழக்கமான காட்சி. அப்போது கார் மேல் படியும் நெல் தூசியைச் சாதாரணமாக நினைக்காதீங்க. நெல் உமியில் சிலிக்கா அதிகம். மணலில் இருப்பதும் அதுதான். காய்ந்த துணியால் அந்தத் தூசியைத் துடைப்பது, உப்புத்தாள் தேய்ப்பது மாதிரி. செராமிக் போட்ட காரிலும் இதனால் கீறல் விழும்.

பறவை எச்சத்தை வெயிலில் காயவிட்டால் கிளியர் கோட்டை அரித்துத் தடம் பதித்துவிடும். உப்பு கலந்த போர் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் தங்கிவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றுதான்: முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றித் தூசியைக் கழுவிவிடுங்கள். பிறகு கார் ஷாம்பு, மைக்ரோஃபைபர் துணி. நிழலில் கழுவி, உடனே ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். எச்சம் விழுந்தால் ஊறவைத்து அன்றைக்கே எடுத்துவிடுங்கள். கோட்டிங் போட்டாலும் இந்த வேலை குறையுமே தவிர, இல்லாமல் போகாது.

அப்போ வாங்கலாமா, வேண்டாமா?

வீட்டில் கார் ஷெட் இருக்கிறது, நீங்களே கழுவுவீர்கள் என்றால் மெழுகு போதும். வெயிலில், மரத்தடியில் நிற்கும் வண்டி, பல ஆண்டு வைத்திருக்கப் போகிறீர்கள், கையில் பணமும் இருக்கிறது என்றால் செராமிக் பயன்படும். ஆனால் அதை டெலிவரி அன்றைக்கே, ஷோரூமிலேயே போட வேண்டும் என்ற அவசியம் இல்லை. வெளியில் இரண்டு இடங்களில் விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். போடுவது என்று முடிவானால் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்:

• பொருளின் பெயர், எத்தனை அடுக்கு
• வாரண்டி தருவது டீலரா, தயாரிப்பு நிறுவனமா
• வாரண்டி நிலைக்க இடையில் பணம் கட்டி சர்வீஸ் செய்ய வேண்டுமா
• பறவை எச்சம், தண்ணீர்ப் புள்ளி வாரண்டியில் சேருமா
• ஜிஎஸ்டியுடன் தனி பில்

'கட்டாயம்' என்று சொன்னால்?

"கோட்டிங் எடுத்தாத்தான் சீக்கிரம் டெலிவரி" என்று யாராவது சொன்னால் தயங்க வேண்டாம். ஒரு பொருளை வாங்க இன்னொரு பொருளையோ சேவையையோ வாங்கியே தீர வேண்டும் என நிபந்தனை போடுவது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி 'கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை'. அதற்கு எதிராக நீங்கள் புகார் தரலாம். ஆப்பிலோ இணையத்திலோ புக் செய்யும்போது, நீங்கள் கேட்காத சேவை தானாகவே கூடையில் சேர்ந்திருந்தால், அதையும் 2023-ஆம் ஆண்டின் 'டார்க் பேட்டர்ன்' வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன. டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள்.

போனிலேயே புகார் தருவது எப்படி?

1. முதலில் டீலருக்கும் கார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். வாய்ப்பேச்சு சாட்சிக்கு நிற்காது.

2. தீர்வு கிடைக்கவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கட்டணமின்றி அழையுங்கள். தமிழிலும் பேசலாம். வாட்ஸ்அப் எண் 8800001915. இங்கே தீர்ப்பு சொல்ல மாட்டார்கள். உங்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பி, பேசித் தீர்க்க உதவுவார்கள்.

3. அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 'ஈ-ஜாக்ரிதி' தளத்தில் வீட்டிலிருந்தே மனு தாக்கல் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். கார் வாங்கியது தஞ்சாவூரில் என்றாலும், நீங்கள் நீடாமங்கலத்தில் குடியிருந்தால் திருவாரூர் மாவட்ட ஆணையத்திலேயே மனு போடலாம். வாங்கிய ஊருக்கு அலைய வேண்டியதில்லை. 2019 சட்டம் தந்த வசதி இது.

கொட்டேஷன், பில், வாரண்டி அட்டை, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் போனில் ஒரே ஃபோல்டரில் சேமித்து வையுங்கள். 1915 என்ற எண்ணையும் இப்போதே பதிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த முறை கொட்டேஷனில் புரியாத ஒரு வரி வந்தால், "இது எதுக்குங்க?" என்று கேளுங்கள். தேவையில்லை என்றால் அதை எடுத்துவிட்டுப் புது கொட்டேஷன் தரச் சொல்லுங்கள்.