கை தூக்காமல் கேட்ட கேள்வி

டெல்லியில் பிரகதி மைதானம் என்று ஓர் இடம் உண்டு. மிகப் பெரிய இடம். பொருட்காட்சிகளும் கூட்டங்களும் அங்கே நடக்கும். 1980 முதல் இந்தியப் பன்னாட்டு வணிகக் கண்காட்சி அங்கேதான் நடந்து வருகிறது. வழக்கமாக நவம்பர் 14-ஆம் தேதி தொடங்கும். 2023 ஜூலையில் அங்கே 'பாரத் மண்டபம்' என்ற புதிய அரங்கைத் திறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 9, 10 தேதிகளில் ஜி-20 நாடுகளின் தலைவர்கள் அதில் கூடினார்கள்.

இவ்வளவு பெரிய இடத்தில் எந்த அறையில் யார் பேசுகிறார்? எத்தனை மணிக்கு? சாப்பாடு எங்கே? இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வது?

முன்பு அச்சடித்த புத்தகம் கொடுப்பார்கள். ஒலிபெருக்கியில் சொல்வார்கள். பேச்சாளர் வரவில்லை என்றால் அச்சடித்த புத்தகத்தை மாற்ற முடியுமா? கரும்பலகையில் எழுதி வைப்பார்கள். பார்த்தவர்கள் வேறு அறைக்குப் போவார்கள். பார்க்காதவர்கள் காலி அறையில் காத்திருப்பார்கள்.

இப்போது இந்த வேலையைச் செல்போன் செய்கிறது. கூட்டம் நடத்துகிறவர்கள் அதற்கென்று ஒரு செயலி வைக்கிறார்கள். செயலி என்பதைத்தான் 'ஆப்' என்கிறோம். நிகழ்ச்சி நேரம், அரங்கின் வரைபடம், யார் யார் வந்திருக்கிறார்கள் என்ற பட்டியல், எல்லாம் அதில் இருக்கும். கூட்டத்தில் கேள்வியும் கேட்கலாம். வாக்கும் போடலாம்.

கறுப்புக் கட்டம்

கூட்டத்தின் வாசலில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சதுரக் கட்டம் ஒட்டியிருக்கும். டீக்கடையில் பணம் கட்டப் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி. இதை க்யூஆர் கோடு என்கிறார்கள். 1994-இல் ஜப்பானில் டென்சோ என்ற நிறுவனத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். கார் உதிரி பாகங்களைக் கணக்கு வைக்கத்தான் முதலில் பயன்பட்டது. செல்போன் கேமராவை இதற்கு நேரே காட்டினால் போதும். கட்டத்தில் மறைந்திருக்கும் முகவரியைப் போன் படித்துவிடும்.

கண்ணால் பார்த்தால் எல்லாக் கட்டமும் ஒன்று போலத்தான் தெரியும். எது கூட்டத்தின் கட்டம், எது பணம் கட்டும் கட்டம் என்று நமக்குத் தெரியாது. ஸ்கேன் செய்த பிறகு போன் ரகசிய எண்ணைக் கேட்டால் நிறுத்திவிடுங்கள். கூட்டத்துக்குள் நுழைய அந்த எண் தேவையில்லை. உங்களுக்கு வரவேண்டிய பணத்தை வாங்கவும் தேவையில்லை. பணம் உங்கள் கணக்கிலிருந்து போகும்போது அது தேவை. ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும்.

கந்தமாலிலிருந்து வந்தவர்

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம்.

ஒடிசாவில் கந்தமால் என்று ஒரு மலை மாவட்டம். அங்கே விளையும் மஞ்சள் பேர் போனது. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மாவட்டத்தில் ஒரு மகளிர் குழு மஞ்சள்தூள் அரைத்து விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழுத் தலைவிக்கு ஐம்பது வயது. ஒடியா எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பார். ஆங்கிலம் தெரியாது. டெல்லியில் வாங்குவோரும் விற்போரும் கூடும் கூட்டத்துக்கு அவருக்கு அழைப்பு வந்தது. அக்கா மகளைத் துணைக்கு அழைத்து வந்தார். அவள் பத்தாவது படித்தவள். ஒடியாவில் சித்தியை 'மாவுசி' என்று கூப்பிடுவார்கள். அவளும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

தங்கிய இடத்தில் முதல் நாள் இரவே செயலியை இறக்கினார்கள். பெயர் கேட்டது. குழுவின் பெயர் கேட்டது. என்ன பொருள் என்று கேட்டது. கொடுத்தார்கள். பிறகு வேறொன்று கேட்டது.

"மாவுசி, உங்க போன்ல இருக்கிற எல்லார் நம்பரையும் பார்க்கலாமான்னு கேக்குது."

"எதுக்கு?"

"தெரியலையே."

"எதுக்குன்னு தெரியாம எதுக்குக் குடுக்கணும்? வேண்டாம்னு போடு."

சரியாகத்தான் சொன்னார். வேண்டாம் என்று அழுத்திய பிறகும் செயலி நன்றாகவே வேலை செய்தது. கட்டத்தை ஸ்கேன் செய்யக் கேமரா வேண்டும். அரங்குக்குள் வழி காட்ட, இருக்கும் இடம் தெரிய வேண்டும். மற்றவர் எண்கள் எதற்கு?

இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. 2023-இல் நாடாளுமன்றம் இயற்றியது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. எந்தத் தகவலை எதற்காக வாங்குகிறோம் என்று நமக்குச் சொல்ல வேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழிலும் கேட்கலாம், ஒடியாவிலும் கேட்கலாம். அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள எல்லா மொழிக்கும் இது பொருந்தும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடியும்.

மொழிதான் பெரிய தடை

அந்தச் செயலியில் ஆங்கிலமும் இந்தியும்தான் இருந்தன. மாவுசிக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா மகள் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னாள். அவள் இல்லையென்றால்?

இந்தத் தடையை நீக்க முடியும். மத்திய அரசின் 'பாஷிணி' என்ற திட்டம் 2022-இல் தொடங்கியது. ஒரு மொழிப் பேச்சைக் கணினி வேறு மொழியில் மாற்றிச் சொல்லும். 2023 டிசம்பர் 17-ஆம் தேதி வாரணாசியில் காசி தமிழ்ச் சங்கமம் நடந்தது. பிரதமர் இந்தியில் பேசினார். தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் காதில் கருவி மாட்டிக்கொண்டு அதே நேரத்தில் தமிழில் கேட்டார்கள். கணினி மொழிபெயர்ப்பில் பிழை வரும். விலை, தேதி, எடை என்றால் ஒரு மனிதரிடமும் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். ஆனாலும் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

ஒரு குழாய், நூறு குடம்

மறுநாள் காலை. மஞ்சள் வாங்கும் கம்பெனிக்காரரைப் பார்க்கச் செயலியில் நேரம் குறித்திருந்தார்கள். 11.15 மணி, மூன்றாம் அரங்கு. பதினைந்து நிமிடம் மட்டும்தான் பேசலாம்.

பதினோரு மணிக்கே போய் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் சத்தீஸ்கரிலிருந்து வந்த ஒரு பெண். பஸ்தர் பக்கத்துப் புளி விற்கிறவர். அவரிடம் பட்டன் போன்தான் இருந்தது. கூட்டத்துக்காரர்கள் அவருக்கு 11.30 என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதே கம்பெனிக்காரர்.

11.15 ஆனது. யாரும் வரவில்லை. செயலியைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஏன்? அரங்கில் ஆயிரக்கணக்கான போன்கள். எல்லாம் ஒரே நேரத்தில் இணைப்பைக் கேட்கின்றன. ஒரு குழாயில் நூறு குடம் வைத்தது போல. எந்தக் குடமும் சீக்கிரம் நிறையாது. பெரிய கூட்டங்களில் இது அடிக்கடி நடக்கும். அதனால்தான் நிகழ்ச்சி நிரலை முதல் நாளே இறக்கி வைக்க வேண்டும். ஆனால் நேரம் மாறினால் அந்தப் பழைய நிரலும் உதவாது.

அக்கா மகள் போனை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடினாள். அங்கே இணைப்பு கிடைத்தது. செய்தி வந்து விழுந்தது. 'சந்திப்பு ஐந்தாம் அரங்குக்கு மாற்றப்பட்டது.' அனுப்பி அரை மணி நேரம் ஆகியிருந்தது.

"மாவுசி, எந்திரிங்க! அஞ்சாம் அரங்கு!"

மாவுசி எழுந்தார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். தெரிந்த அரைகுறை இந்தியில், "தீதி, நீங்களும் வாங்க. இடம் மாறிப்போச்சு" என்றார். தீதி என்றால் இந்தியில் அக்கா.

மூவரும் நடந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது மாவுசியின் நேரம் முடியப் பத்து நிமிடம்கூட இல்லை. தூளைக் கையில் எடுத்துப் பார்த்த கம்பெனிக்காரர், மாதிரி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டார். தீதி சரியான நேரத்துக்கு வந்துவிட்டார். சீட்டை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தால்? செயலி வைக்கிறவர்கள் மாற்றத்தை ஒலிபெருக்கியிலும் சொல்ல வேண்டும், வாசலிலும் ஒட்ட வேண்டும். கையில் சீட்டுக் கொடுத்து வரவழைத்தவர்களை நடுவில் விட்டுவிடக் கூடாது.

மேலே ஏறிய கேள்வி

மதியம் எல்லோரும் பெரிய அரங்கில் கூடினார்கள். மேடையில் நான்கு பெரிய வாங்குவோர். கேள்விகளைச் செயலியில் எழுதச் சொன்னார்கள். எழுதும் கேள்வி பெரிய திரையில் வரும். பிடித்த கேள்விக்கு மற்றவர்கள் கட்டைவிரல் குறியைத் தொடலாம். அதிகம் பேர் தொட்ட கேள்வி மேலே ஏறும்.

மாவுசியின் மனதில் ஒரே கேள்விதான். போன வருடம் ஒரு கடைக்கு 200 கிலோ தூள் கொடுத்தார்கள். பணம் வர ஐந்து மாதம் ஆனது. அதற்குள் வங்கித் தவணை வந்துவிட்டது. உறுப்பினர்கள் நகையை அடகு வைத்துக் கட்டினார்கள். ஆனால் இதை எழுந்து கேட்க முடியுமா? கேட்டால் யார் வாங்குவார்கள்?

"பேர் போடாம எழுதலாம் மாவுசி" என்றாள் அக்கா மகள்.

எழுதினார்கள். 'சரக்கு வாங்கி எத்தனை நாளில் பணம் தருவீர்கள்?'

முதலில் இரண்டு கட்டைவிரல். பிறகு பதினேழு. கொஞ்ச நேரத்தில் நாற்பதைத் தாண்டியது. கேள்வி திரையின் உச்சிக்கு வந்துவிட்டது. அரங்கில் உள்ள பாதிப் பேருக்கு இதே கவலை என்று மாவுசிக்கு அப்போதுதான் தெரிந்தது.

பெயர் போடாமல் எழுதலாம் என்பதை முழுதாக நம்பிவிடக் கூடாது. திரையில் பெயர் வராது, உண்மைதான். ஆனால் பதிவு செய்து உள்ளே போயிருந்தால், நடத்துகிறவர்களின் கணினியில் யார் எழுதியது என்று தெரியக்கூடும். அது மட்டுமல்ல. எந்தக் கேள்வியை மேடையில் படிப்பது என்பதும் அவர்கள் கையில்தான்.

அங்கேயும் அதுதான் நடந்தது. நடத்துனர் இரண்டாவது கேள்வியைப் படித்தார். மூன்றாவதைப் படித்தார். உச்சியில் இருந்ததைத் தொடவே இல்லை.

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். புளிக்கார தீதி. கட்டைவிரல் தொட அவரிடம் போன் இல்லை. ஆனால் திரையைப் படிக்கத் தெரியும்.

"ஐயா, மேல இருக்கிறதை ஏன் விட்டுட்டுக் கீழ போறீங்க?"

அரங்கம் கைதட்டியது. நடத்துனர் படிக்க வேண்டியதாயிற்று.

நாற்பத்தைந்து நாள்

மேடையில் ஒருவர் 90 நாள் என்றார். ஒருவர் 60 என்றார். மூன்றாமவர், "சட்டப்படி 45 நாள்" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தில் இது இருக்கிறது. குறு, சிறு தொழில் செய்வோரிடம் சரக்கு வாங்கினால், எழுத்தில் எத்தனை நாள் என்று ஒப்பந்தம் போட்டாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள்தான். சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து கணக்கு. தாமதமானால் வட்டி உண்டு. சாதாரண வட்டி அல்ல. ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல் மூன்று மடங்கு. மாதாமாதம் கூட்டு வட்டி. பணம் வரவில்லை என்றால் முறையிட ஒவ்வொரு மாநிலத்திலும் இதற்கென ஒரு மன்றம் இருக்கிறது.

ஆனால் தொழில் 'உத்யம்' பதிவு பெற்றிருக்க வேண்டும். 2020 ஜூலை 1 முதல் இந்தப் பதிவு இருக்கிறது. சுய உதவிக் குழுவும் பதிவு செய்யலாம். கட்டணம் இல்லை. பணம் கேட்கும் இடைத்தரகரிடம் போக வேண்டாம்.

கூட்டம் முடிந்தது. காலையில் பார்த்த கம்பெனிக்காரர் 50 கிலோவுக்கு ஆர்டர் எழுதினார். மாவுசி தாளை அக்கா மகளிடம் கொடுத்தார்.

"எத்தனை நாள்னு போட்டிருக்கு?"

"போடவே இல்ல மாவுசி."

மாவுசி தாளைத் திருப்பிக் கொடுத்தார். கம்பெனிக்காரர் சிரித்துக்கொண்டே 45 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். 60 நாள் என்று சொன்னவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி எண்ணை வாங்கிக்கொண்டு போனார். ஊர் திரும்பும் வரை அவரிடமிருந்து போன் வரவில்லை.

படித்துப் பாருங்கள்

செல்போன் திரையில் இப்படி ஒரு செய்தி வந்திருக்கிறது:

'மதியம் 2.30 மணிக்கு 4-ஆம் அரங்கில் நடக்க இருந்த கூட்டம், 3.15 மணிக்கு 1-ஆம் அரங்கில் நடக்கும். நேரம்: 20 நிமிடம்.'

கூட்டம் எத்தனை மணிக்கு முடியும்? எத்தனை நிமிடம் தள்ளிப் போயிருக்கிறது? மார்ச் 1-ஆம் தேதி சரக்கை ஏற்றுக்கொண்டார்கள். 45 நாள் என்று எழுதியிருக்கிறது. பணம் எந்தத் தேதிக்குள் வர வேண்டும்? நாள்காட்டியை வைத்து எண்ணிப் பாருங்கள்.