விரல் மரத்தால் வாயைத் திற

தங்கச்சி, மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றிக்கொள்பவர்கள் முடி கொட்டுமா, எப்போது முளைக்கும் என்று நூறு கேள்வி கேட்பார்கள். கால்விரல் மரத்துப்போவதைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார்கள். 'கேன்சருக்கே வைத்தியம் நடக்குது, இதைப் போய்ப் பெரிசா சொல்வாங்களா' என்ற நினைப்புதான். முடி பெரும்பாலும் தானாக முளைத்துவிடும். நரம்பு விஷயத்தில் அந்தத் தைரியம் வேண்டாம்.

முதலில் உன் ஃபைலை எடு. பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று மூன்று பெயர் இருக்கும். முதல் இரண்டும் கட்டி ஹார்மோனால் வளர்கிறதா என்று காட்டுபவை. மூன்றாவது ஒரு புரதம். மூன்றும் நெகட்டிவ் என்றால் 'ட்ரிபிள் நெகட்டிவ்'. மருந்து முடிவாவது பெரும்பாலும் இதையும் கட்டி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதையும் வைத்துத்தான். பக்கத்து பெட் அம்மாவுக்கு ஏற்றுவதை உனக்கு ஏன் ஏற்றவில்லை என்று குழம்பாதே. (ஊசி போட்டுச் சதை எடுத்தால் கட்டி பரவிவிடும் என்று சொல்லும் சொந்தக்காரர் எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு. காதில் வாங்காதே. அந்தப் பயத்தில் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.)

கீமோ வார்டில் 'சிவப்பு மருந்து' என்பார்களே, அட்ரியாமைசின், அது முடியைக் கொட்டவைக்கும், இதயத்தைக் கவனிக்கவேண்டும், நரம்பை அவ்வளவாகத் தொடாது. நரம்பைப் பிடிப்பது பெரும்பாலும் அதற்கடுத்து வரும் பாக்லிடாக்செல். அமெரிக்காவின் பசிபிக் கரையோர யூ மரப்பட்டையில் கிடைத்த மருந்து இது. அதன் வேதி வடிவத்தை 1971-ல் வெளியிட்ட குழுவில் வேதியியலாளர் மன்ரோ வாலுடன் இருந்த மன்சுக் வாணி, மகாராஷ்டிரத்தில் பிறந்தவர். புற்றுச் செல் இரண்டாகப் பிரிய, அதன் உள்ளே இருக்கும் நுண்குழாய்கள் கலைந்து கலைந்து சேரவேண்டும். இந்த மருந்து அவற்றைக் கலையவிடாது. செல் பிரிய முடியாமல் செத்துப்போகும். நரம்புக்குள் சத்தை ஏற்றிச்செல்லும் தண்டவாளமும் அதே நுண்குழாய்தான் என்பதுதான் வம்பு. நரம்பு எவ்வளவு நீளமோ அவ்வளவு சீக்கிரம் அடி வாங்கும். அதனால்தான் இரண்டு பாதத்திலும் ஒரே மாதிரி தொடங்கி, பிறகு கைவிரல் நுனிக்கு வருகிறது.

ட்ரிப் ஏறிய இரண்டு மூன்று நாளில் வரும் மூட்டுவலி, உடம்புவலி வேறு. அது பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கும். அடுத்த ட்ரிப் வரைக்கும் அடங்காமல் இருப்பதைத்தான் சொல்லவேண்டும். 'மரமரப்பா இருக்கு டாக்டர்' என்றால் அவர் தலையாட்டிவிட்டு அடுத்த ஃபைலை எடுப்பார். 'ஜாக்கெட் கொக்கி மாட்ட வரலை', 'செருப்பு கழண்டு விழுந்தது தெரியலை', 'பர்ஸுக்குள்ள கையை விட்டா எது ஒரு ரூபாய், எது ரெண்டு ரூபாய்னு தெரியலை' என்று சொல். அப்போதுதான் பேனாவைக் கீழே வைப்பார். இதை மருந்து ஏற்றுவதற்கு முன் சொல்லவேண்டும். அளவைக் குறைக்கலாம், ஒரு வாரம் தள்ளலாம், மருந்தையே மாற்றலாம். ஏறிவிட்ட மருந்தை யாரும் இறக்க முடியாது. கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்தையும் சேர்த்து ஏற்றியிருந்தால், கீமோ முடிந்த பிறகும் சில மாதம் மரமரப்பு கூடிக்கொண்டே போகலாம். பயந்துவிடாதே, ஆனால் சொல்லாமலும் இருக்காதே.

சர்க்கரை இருக்கிறதா? அப்படியென்றால் உன் நரம்பு ஏற்கெனவே கொஞ்சம் நொந்திருக்கலாம், பாதிப்புக்கு வாய்ப்பு அதிகம். வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும் சுத்த சைவக்காரர்களுக்கும் பி12 குறையலாம். கீமோ தொடங்குமுன் ரத்தத்தில் பார்த்துவிடச் சொல்.

இனி வீடு. எரிகிறது, குத்துகிறது என்று வெந்நீரில் காலை வைப்பதுதான் நம் பெண்கள் செய்யும் முதல் வேலை. சூடு தெரியாத காலுக்கு வெந்நீர் எமன். தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார், அல்லது வீட்டில் வேறு யாரையாவது பார்க்கச் சொல். வெந்நீர்ப் பை, ஹீட்டிங் பேட் இரண்டையும் பரணில் போடு. வீட்டுக்குள்ளும் செருப்பு போடு. விரலிடுக்கில் வார் வைத்த செருப்பு வேண்டாம், பின்பட்டை உள்ளதாக வாங்கு. வெயில் நேரத்தில் கோயில் பிராகாரத்தைச் சுற்றாதே. சாமி கோவித்துக்கொள்ளாது, கொப்புளம் சும்மா விடாது. மெட்டி உரசிப் புண்ணானாலும் தெரியாது, அதனால் இப்போதைக்குக் கழற்றி வை. மாமியாரிடம் டாக்டர் சொன்னதாகச் சொல். படுக்குமுன் ஒரு கண்ணாடியைக் கீழே வைத்துப் பாதத்தைப் பார். பாத்ரூம் போகும் வழியில் இரவு விளக்கு எரியட்டும். கண்ணுக்கு வெளிச்சம் இல்லாவிட்டால் மரத்த கால் தரையைத் தேடித் தடுமாறும். ஸ்கூட்டரில் பிரேக் பிடிக்கும் அழுத்தம் விரலுக்குத் தெரிகிற வரை ஓட்டாதே. சுடு பாத்திரத்தைச் சேலை முந்தானையால் பிடித்து இறக்கும் பழக்கத்தையும் விடு. இடுக்கி எதற்கு இருக்கிறது?

ஒற்றைக் காலில் சமையல் மேடையைப் பிடித்தபடி நிற்பது, நடப்பது, மாவு பிசைவது எல்லாம் நல்லது. பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்தால் இன்னும் நல்லது.

மெடிக்கல் ஷாப்பில் 'நரம்பு மாத்திரை' கேட்டு வாங்காதே. பி6 அதிக அளவில் நாள்கணக்கில் உள்ளே போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும். அசிட்டைல் எல்-கார்னிட்டின் என்று ஒன்று விற்கிறார்கள். பாக்லிடாக்செல் வகை மருந்து ஏற்றிக்கொண்ட பெண்களிடம் நடந்த ஆய்வில் அது மரமரப்பைக் கூட்டியதுதான் மிச்சம். வலிக்கு, எரிச்சலுக்கு ஆய்வில் தேறிய மாத்திரை டுலாக்செட்டின். அது மனச்சோர்வுக்கும் தரும் மாத்திரை என்று கடைக்காரர் சொன்னால் திடுக்கிடாதே, உனக்கு மனநோய் என்று யாரும் முடிவு கட்டவில்லை. ஆனால் நீ டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறாய் என்றால் அதை டாக்டரிடம் ஞாபகப்படுத்து. டமாக்சிஃபென் உடம்பில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதை டுலாக்செட்டின் ஓரளவு தடுக்கும். டுலாக்செட்டினை நீயாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. வெறும் மரமரப்பை இது பெரிதாக மாற்றாது, அதையும் தெரிந்துகொள்.

அக்குளிலும் மேல்கையின் உள்பக்கத்திலும் மட்டும் மரத்திருந்தால் அது கீமோ வேலை இல்லை. ஆபரேஷனில் அக்குள் நெறிகட்டியை எடுக்கும்போது அங்கே ஓடும் ஒரு நரம்பு வெட்டுப்பட்டோ இழுபட்டோ இருக்கும். அங்கே ரேசர் வைக்காதே, ட்ரிம்மர் போதும். கேப்சிடபைன் என்ற கீமோ மாத்திரையில் உள்ளங்கை சிவந்து உரிவதும் வேறு கதை. அதில் கைரேகையே அழிந்து ரேஷன் கடை மெஷின் உன்னை யாரென்று கேட்கலாம். டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்கி வை.

நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். நிறையப் பேருக்கு மாதங்கள் போகப் போகக் குறைகிறது, சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடுகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்காதே. திடீரென்று கால்கள் பலமிழப்பது, புதிதாக முதுகுவலி, சிறுநீர் அடைப்பு அல்லது தெரியாமல் போவது, உட்காரும் இடம் மரப்பது, இதில் எது வந்தாலும் அது முதுகுத்தண்டு நசுங்குவதாக இருக்கலாம். ஓ.பி. டோக்கனுக்கு நிற்காதே, ராத்திரி என்றாலும் நேராக எமர்ஜென்சிக்குப் போ. ஃபைலையும் எடுத்துக்கொண்டு போ.